அவர்களும் பெண்கள்தானே

1927ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு நான்கு ஆங்கிலேயர்கள் வந்து இறங்கினார்கள். நாட்டின் அரசியலமைப்பை எப்படி மாற்றலாம் என்று விசாரித்து அறிக்கை தருவது அவர்கள் வேலை. தலைவராக இருந்த டொனமூர் பிரபுவின் பெயரால் அது டொனமூர் ஆணைக்குழு எனப்பட்டது. பிரமுகர்களும் சங்கங்களும் கட்சிகளும் வரிசையாக வந்து சாட்சியம் அளித்தார்கள். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்க ஒரு சங்கமும் வந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் என்ற அந்த அமைப்புக்கு அப்போது வயது சில வாரங்கள்தான். அந்த டிசம்பரில்தான் அதைத் தொடங்கியிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா. பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, கண்டியின் சிங்கள அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். ஆணைக்குழுவின் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா?

நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே எங்கள் விருப்பம் என்று அவர் பதில் சொன்னார்.

இலங்கைப் பெண்களின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் இந்தப் பதிலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியோடு கொஞ்ச நேரம் இருக்க விரும்புகிறது. அந்தப் பதிலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால், அரசியலில் இலட்சியத்துக்கு என்ன பெறுமதி, நம்பிக்கைக்கு என்ன விலை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு விடை கிடைக்கிறது.

கேட்கப் போனதும் சொல்லிவிட்டதும்

அந்தப் பெண்கள் கேட்கப் போனது மிகச் சிறிய ஒன்று. அன்று இலங்கையில் வாக்குரிமை பெற்றவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதம். சொத்து, வருமானம், கல்வி என்ற வேலிகளுக்குள் இருந்த ஆண்கள் மட்டுமே அந்த 4 சதவீதம். சங்கத்துப் பெண்களும் முதலில் எண்ணியது அந்த வேலியைத் தாண்டுவதைப் பற்றி அல்ல. படித்த பெண்ணும் சொத்துள்ள பெண்ணும் வேலிக்குள் வரட்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. கொழும்பிலும் கண்டியிலும் வசதியான வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது நடைமுறைக்கு ஏற்ற கோரிக்கையாகத் தெரிந்தது. அதிகம் கேட்டால் எதுவும் கிடைக்காது என்ற கணக்கு அதில் இருந்தது. அந்தக் கணக்கை நாம் இன்றும் நன்றாக அறிவோம். எந்தச் சங்கக் கூட்டத்திலும் அதைச் சொல்ல ஒருவர் இருப்பார்.

கேள்வியோ வேலிக்கு வெகு தொலைவில் நின்ற ஒருத்தியைப் பற்றியது. அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி என்று எழுதியே வைத்திருந்தது. அந்தக் குறைந்த கூலியும் பல தோட்டங்களில் அவள் கைக்கு வராது, புருஷன் கைக்குப் போகும். வெளியார் தோட்டத்துக்குள் வருவதற்கே துரையின் அனுமதி வேண்டும். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்தவள் அவள். ஆனால் நாடு என்று பேசப்பட்ட இடங்களில் அவள் பெயர் வந்ததில்லை.

அந்தக் கேள்விக்குள் ஒரு பொறி இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 'இல்லை' என்றால், பெண் என்பதற்காக உரிமை கேட்கவில்லை, தங்கள் வகுப்புக்காகத்தான் கேட்கிறார்கள் என்று ஆகும். 'ஆம்' என்றால், நடைமுறை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடலாம். அக்னஸ் டி சில்வா 'ஆம்' என்றார். தங்கள் கோரிக்கையைவிடப் பெரிய ஒரு கொள்கையை அந்தப் பதிலில் சொல்லிவிட்டார். தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கை அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நாம் சந்தேகப்படலாம். தோட்டத்துப் பெண்கள் யாரும் அந்தச் சங்கத்தை நடத்தவில்லை. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னவரின் வகுப்பைத் தாண்டிப் போகக்கூடியது சொல். இலட்சியத்தின் முதல் பெறுமதி அதுதான். சொன்னவர்களையே அது கட்டிப்போடுகிறது.

எதிர்த்தவர்கள்

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அன்றைய தமிழர் தலைவர்களில் மிகப் பெரியவர். 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியை நிறுவியவரும் அவரே. பெண்களைப் படிக்க வைத்த அதே மனிதர் பெண்கள் வாக்களிப்பதை ஏற்கவில்லை, எல்லோருக்கும் வாக்கு என்பதையும் ஏற்கவில்லை. இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. படிப்பு வீட்டை ஒழுங்காக நடத்த, வாக்கு நாட்டை நடத்த. இரண்டும் வேறு வேறு என்பது அந்தக் காலத்து மேட்டுக்குடி எண்ணம். பெண் கல்வியை ஆதரித்தவர்கள் எல்லோரும் பெண் உரிமையை ஆதரித்ததாக எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இராமநாதனின் கதை அதைத் திருத்திக்கொள்ள உதவும்.

சிங்களத் தலைவர்களிலும் பெரும்பான்மையினர் எல்லோருக்கும் வாக்கு என்பதைக் கேட்கவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரஸ் வருமானமும் எழுத்தறிவும் பார்த்தே வாக்குரிமை கொடுக்க வேண்டும் என்றது. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம்தான் சர்வசன வாக்குரிமை கேட்டது. ஆக, ஒரு தொழிற்சங்கமும் சில வாரங்களே வயதான ஒரு பெண்கள் சங்கமும் ஒரு பக்கம், அனுபவமிக்க தலைவர்கள் எல்லோரும் மறுபக்கம். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் எந்தப் பக்கம் யதார்த்தமானது என்பதில் இரண்டு பேச்சு இருந்திருக்காது.

1928இல் அறிக்கை வந்தது. சொத்தும் கல்வியும் பார்க்காமல் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கும்படி அது பரிந்துரைத்தது. ஏழைகளுக்கான சட்டங்கள் நாட்டில் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம், ஏழைகளின் வாக்கு யாருக்கும் தேவைப்படாமல் இருப்பதுதான் என்பது ஆணைக்குழுவின் வாதங்களில் ஒன்று. பெண்களுக்கு மட்டும் 30 வயது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். நடைமுறைக்கு வந்தபோது அதுவும் நீங்கி, இருபாலாருக்கும் 21 என்றாயிற்று. 1931 ஜூனில் தேர்தல். இங்கிலாந்தில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரான்ஸில் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள், சுவிட்சர்லாந்தில் 1971 வரை.

அந்த ஆண்டே அடலின் மொலமூரே ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்றார். 'ஆம்' என்று சொன்ன அக்னஸ் டி சில்வா 1936 தேர்தலில் நின்று தோற்றுப்போனார்.

பாதி திறந்த கதவு

எல்லாம் நல்லபடி முடிந்த கதையாக இதைச் சொல்ல முடியாது. 'எல்லோருக்கும்' என்ற சொல் சட்டமாகும் வழியிலேயே தேய்ந்தது. ஐந்து ஆண்டுகள் நாட்டில் வசித்தால் வாக்குரிமை என்று ஆணைக்குழு சொல்லியிருந்தது. தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாக வாக்காளர்களாகிவிடுவார்கள் என்று சிங்களத் தலைவர்கள் அஞ்சினார்கள். ஆளுநர் ஸ்டான்லி விதியை மாற்றினார். நிரந்தரமாகக் குடியிருப்பதைத் தோட்டத் தமிழர்கள் நிரூபிக்க வேண்டும் அல்லது சான்றிதழ் பெற வேண்டும் என்றாயிற்று. இப்படிக் குறுக்கிய பிறகுதான் 1929 டிசம்பரில் சட்டசபை டொனமூர் திட்டத்தை ஏற்றது. ஆதரவாக 19, எதிராக 17. இரண்டே வாக்குகளில் தப்பியது.

1931இல் சுமார் ஒரு லட்சம் தோட்டத் தமிழர்கள் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றார்கள். இருந்திருக்க வேண்டிய தொகை அதைவிட மிக அதிகம்.

அந்த முதல் தேர்தலில் வாக்களிக்காமல் போன வேறு பெண்களும் உண்டு. டொனமூர் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. 1934 வரை அந்த இடங்கள் காலியாகவே இருந்தன. வாலிபர் காங்கிரஸார் பதவிக்கு அலைந்தவர்கள் அல்லர். சாதி வேற்றுமையை எதிர்த்தவர்கள், காந்தியைப் பின்பற்றியவர்கள், இலங்கை முழுவதற்கும் சுதந்திரம் கேட்டவர்கள். அவர்கள் இலட்சியம் தூய்மையானது. ஆனால் முதன்முதலாகத் தன் கைக்கு வந்த வாக்கைப் பயன்படுத்த யாழ்ப்பாணத்துப் பெண் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவருடைய பெரிய கனவு மற்றவருடைய முதல் படியை மூடிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இலட்சியத்தைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மலைக்குப் போன பாட்டு

கொழும்பில் சொல்லப்பட்ட ஒரு பதில் லயத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் யாராவது அதைக் கால் நடையாகச் சுமந்து போக வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் மீனாட்சி அம்மாள். தஞ்சாவூரிலிருந்து வந்து 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தி, தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். மீனாட்சி அம்மாள் பெண்களின் உரிமை பற்றி எழுதினார். தோட்டங்களில் கூட்டங்கள் நடக்கும்போது மேடையேறிப் பாடினார். தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லும் பாடல்களைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பினார்.

வரலாற்று நூல்களில் அவர் பெரும்பாலும் நடேசய்யரின் மனைவியாகவே வருகிறார். நானும் அப்படித்தான் அறிமுகப்படுத்தினேன். மேலே உள்ள பத்தியைத் திரும்பப் படித்தால் தெரியும். ஆனால் எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்களிடம் கூலியையும் உரிமையையும் பற்றிப் பேசப் பாட்டைத் தவிர வேறு என்ன வழி இருந்திருக்கும்? ஒப்பாரியும் தாலாட்டும் கும்மியும் அறிந்தவர்களுக்குப் பாட்டு அந்நியமான ஊடகம் அல்ல. ஆணைக்குழுவின் அறைக்குள் நம்பிக்கை ஒரு கொள்கையாக இருந்தது. மலையில் அது ஒரு வேலையாயிற்று: நடப்பது, பாடுவது, பெயர் எழுதுவது, இடாப்பில் பேர் இருக்கிறதா என்று பார்ப்பது.

அந்த வேலை பலித்தது. 1939 அளவில் இடாப்பில் இருந்த இந்திய வம்சாவளியினர் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. கொழுந்து பறித்த கை வாக்குச் சீட்டையும் பிடித்தது. அதன் பலம் என்ன என்பது எதிர்த்தரப்புக்கும் தெரிந்துபோனது.

தகப்பன் வழிச் சட்டம்

1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பின் தேர்தல் திருத்தச் சட்டம். மூன்றும் சேர்ந்து சுமார் ஏழு லட்சம் மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன.

பெண்கள் இந்தச் சட்டங்களைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜை என்று காட்ட, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. தாயும் பாட்டியும் அதே மலையில் பிறந்து, அதே மலையில் பிள்ளை பெற்று, அங்கேயே புதைக்கப்பட்டிருந்தாலும் அது சான்று ஆகாது. 1949 சட்டத்தின்படி விண்ணப்பிக்கும் திருமணமானவருக்கு ஏழு ஆண்டுகள் வதிவு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டுகள். மனைவியும் பிள்ளைகளும் நாட்டில் வசித்ததையும் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம் அது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

இனவாதச் சட்டம் என்று இதை எல்லோரும் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த இனவாதம் தகப்பன் வழியை அளவுகோலாக வைத்துத்தான் தன் வேலையைச் செய்தது. பெண்ணின் பிறப்பையும் உழைப்பையும் கணக்கில் எடுக்காமல் விட்டதனால்தான் ஒரு சமூகம் முழுவதையும் அந்நியர் என்று காட்ட முடிந்தது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். 1931இல் பெண்கள் பெற்ற வாக்கு இல்லாமல் அது நடந்திருக்காது. 1964 அக்டோபரில் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் தீர்த்தார்கள். ஆளுக்கு 75,000. அப்போது மேசையின் இரு புறமும் இருந்த பிரதமர்கள் சிறிமாவோவும் இந்திரா காந்தியும். பிரிக்கப்பட்டவர்களை எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று கேட்டு அந்த எண்கள் வரவில்லை. எண்கள் முதலில், மனிதர்கள் பிறகு.

அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஏறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். இங்கேயும் கொழுந்துதான் பறிக்கிறார்கள்.

பெண்கள் அதிகாரத்துக்கு வந்தால் எல்லாம் தானாக மாறும் என்ற நம்பிக்கையை இந்த வரலாறு உடைத்துப் போடுகிறது. உடைய வேண்டிய நம்பிக்கைதான் அது. 'அவர்களும் பெண்கள்தானே' என்ற பதிலுக்குள் இருந்தது அந்த நம்பிக்கை அல்ல.

அப்படியானால் அந்தப் பதிலால் என்ன பயன்?

இந்தக் கேள்வியை நேராகவே கேட்கலாம். அந்தப் பதில் 1948ஐத் தடுக்கவில்லை. 1964ஐத் தடுக்கவில்லை. ஒப்பாரிக் கோச்சியை நிறுத்தவில்லை. பிறகு எதற்கு அதைக் கொண்டாட வேண்டும்?

என் விடை இது. 1931, 1936, 1947 என்று மூன்று பொதுத் தேர்தல்களில் மலையகப் பெண்கள் வாக்களித்திருந்தார்கள். கிடைக்காத ஒன்று கிடைக்கவில்லை என்றால் அதை விதி என்று சொல்லிவிடலாம். கையில் இருந்ததைப் பிடுங்கினால் அதற்குப் பெயர் விதி இல்லை, அநீதி. 1952இல் மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகத்துக்குப் பின்னால் இருந்தது இந்த நினைவு. எங்களுக்குத் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, திருப்பித் தாருங்கள் என்றார்கள். இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. 1931 இல்லாமல் அந்தத் தூரத்தைக் கடந்திருக்க முடியாது.

திரும்பக் கிடைத்தது மிக மெதுவாக, துண்டு துண்டாக. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984இல் வந்தது. நாடற்றவர்களுக்கான 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவர்களுக்கும் கொடுத்தது. அதே 2003இல் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இன்னொரு திருத்தமும் நிறைவேறியது. இனித் தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வரும். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சட்டம் அம்மா எங்கே என்று கேட்டது.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்று இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக வாக்குகளால் தேர்வாகி நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அக்னஸ் டி சில்வாவிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு ஏறத்தாழ 97 ஆண்டுகள் ஆகியிருந்தன. 225 பேர் கொண்ட அந்த சபையில் பெண்கள் இன்னும் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள். லயத்தில் சொந்தக் காணியும் வீடும் இல்லாதவர்கள் இன்றும் பலர். நாட்கூலிக்கான பேச்சுவார்த்தை ஒவ்வொரு முறையும் இழுபறிதான். ஆகவே வெற்றி விழா எடுக்க இது நேரமல்ல.

நம்பிக்கை என்பது ஒரு நாள் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பது என்று நினைத்தால், இந்த 97 ஆண்டுகளைப் பார்த்து யாருக்கும் நம்பிக்கை வராது. என் மாணவிகள் இதைத்தான் கேட்கிறார்கள், இவ்வளவு காலமா என்று. இவ்வளவு காலம்தான். ஆனால் அந்தக் காலம் சும்மா கழியவில்லை. ஒருத்தி பதில் சொன்னாள். ஒருத்தி மேடையேறிப் பாடினாள். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இடாப்பில் பெயர் பதிந்தார்கள், பறிகொடுத்தார்கள், மறுபடி விண்ணப்பித்தார்கள்.

இன்றும் ஏதாவது ஒரு குழுவின் முன் நாம் கோரிக்கையோடு போவோம். நமக்குத் தெரியாத, நம் சங்கத்தில் இல்லாத, நம் கணக்கில் வராத ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, அவளுக்குமா என்று யாராவது கேட்பார்கள். வீட்டு வேலைக்கு வருபவளாக இருக்கலாம், அகதி முகாமில் இருப்பவளாக இருக்கலாம், திருநங்கையாக இருக்கலாம். காரியம் கெட்டுவிடும், இப்போதைக்கு அவளை விட்டுவிடுவோம் என்று பக்கத்தில் ஒருவர் காதில் சொல்வார். அப்போது சொல்ல வேண்டிய பதிலை 1927லேயே ஒரு பெண் சொல்லி வைத்திருக்கிறார்.